எம்.பி.யின் வேலையை எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர்களின் பணி பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, பதில் சொல்ல முடிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். 'யாருக்கு ஓட்டுப் போடலாம்?' என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

எங்கள் எம்.பி.யின் வருகை 90 சதவீதம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. இன்னொன்றில் 60 என்று இருக்கிறது. எது உண்மை?
*— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்*

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 20 நாள் நடந்த ஒரு கூட்டத்தொடரில் 18 நாள் வந்திருந்தால் 90. 17-வது மக்களவை 2019 முதல் 2024 வரை மொத்தம் 274 நாள்தான் கூடியது. அதில் 164 நாள் வந்திருந்தால் சுமார் 60. முதல் செய்தி ஒரு தொடரின் கணக்காகவும், அடுத்தது ஐந்தாண்டுக் கணக்காகவும் இருக்கும். சதவீதத்தைப் பார்த்ததும் 'எத்தனை நாளில்?' என்று கேளுங்கள். அது இல்லாத செய்தியை அழித்துவிடலாம்.

இனி, அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உறுப்பினர் வருகையைப் பதிவு செய்தால் அன்றைய நாள் கணக்கில் சேரும், அவ்வளவுதான். தினப்படியும் (இப்போது நாளுக்கு 2,500 ரூபாய்) அந்தப் பதிவோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது அதில் தெரியாது. 11 மணிக்குக் கூடி, அமளியில் பத்து நிமிடத்தில் ஒத்திவைக்கப்பட்ட நாளும் முழு வருகைதான்.

எண் எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும். அமைச்சர்கள் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை. அவர்கள் பெயருக்கு எதிரே வெற்றிடமாக இருந்தால் வரவில்லை என்று பொருளல்ல. எதிர்க்கட்சித் தலைவருக்கும் அப்படியே. 2023 குளிர்காலத் தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். உள்ளே போகவே முடியாத அந்த நாட்கள் வருகையைக் குறைத்துக் காட்டும்.

எனவே 80-க்கும் 92-க்கும் நடுவே சண்டை போட அதில் சரக்கு இல்லை. 50-க்குக் கீழே போனால் மட்டும் காரணம் கேளுங்கள். உடல்நிலையா, இடைத்தேர்தலில் நடுவில் வந்தவரா, அல்லது டெல்லியே பிடிக்கவில்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

நாடாளுமன்றத்தில் அவர் என்ன கேள்வி கேட்டார் என்பதை நாமே பார்க்க முடியுமா? படிப்படியாகச் சொல்லவும்.
*— கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை*

முடியும், காசும் இல்லை. 'சன்சத் டாட் இன்' என்ற அதிகாரபூர்வ தளத்தில் மக்களவை, மாநிலங்களவை இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. மக்களவைக்குள் போய் உறுப்பினர் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். அவருடைய பக்கத்தில் கேள்விகள், விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருபவை) என்று பிரித்திருப்பார்கள். கேள்விகளைத் திறந்தால் தேதி, அமைச்சகம், தலைப்பு வரும். பக்கத்திலேயே பதிலின் பி.டி.எஃப். கோப்பு. பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கிடைக்கும்.

திறந்ததும் கண்ணில் படுவது நட்சத்திரக் கேள்வி, நட்சத்திரமிடாத கேள்வி என்ற பிரிவு. முதல் வகைக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் அதன்மேல் துணைக்கேள்வி கேட்கலாம். இரண்டாவதற்கு எழுத்தில் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமிடாதவை. 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதில் எது பட்டியலுக்கு வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒருவர் பெயரில் ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரக் கேள்விக்கு மேல் வராது. ஆகவே நட்சத்திரக் கேள்வி குறைவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதிர்ஷ்டம். நட்சத்திரமிடாத கேள்வியே இல்லையென்றால் அதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது.

எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே கேள்வியில் ஏழெட்டு உறுப்பினர்களின் பெயர் சேர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். ஒரே மாதிரி நோட்டீஸ்களை ஒன்றாக்கிவிடுவார்கள். அந்த ஏழெட்டுப் பேருக்கும் ஒவ்வொரு எண்ணிக்கை கூடும். எனவே கேள்வியின் உட்பிரிவுகளைப் படியுங்கள். 'அரசு நடவடிக்கை எடுத்து வருகிறதா?' என்று கேட்டால் 'எடுத்து வருகிறது' என்றே பதில் வரும், அதில் யாருக்கும் லாபமில்லை. 'கடந்த மூன்றாண்டில் கடலூர் மாவட்டத்துக்கு ஆண்டுவாரியாக எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது?' என்று கேட்டால் அமைச்சகம் அட்டவணை போட்டே ஆக வேண்டும். நல்ல கேள்வியை அதன் பதிலின் பின்னிணைப்பை வைத்துச் சொல்லிவிடலாம்.

நம் பகுதிக்குச் சில தேடல் சொற்கள்: நெய்வேலி நிலம் கையகப்படுத்தல், சென்னை–மாமல்லபுரம்–புதுச்சேரி–கடலூர் ரயில் பாதை, விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை, ஜிப்மர் மருத்துவமனை. இவை எல்லாம் மத்திய அரசின் கையில் உள்ளவை, எம்.பி. கேட்டால் பதில் வந்தே தீரும். தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். 2006-ல் பெயர் மாறியபின்னும் பழைய 'பாண்டிச்சேரி' என்ற வடிவம் ஆவணங்களில் ஆங்காங்கே இருக்கிறது, இரண்டையும் தட்டிப் பாருங்கள். எம்.பி. தமிழில் பேசியிருந்தால் நடவடிக்கைக் குறிப்பில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கும்; தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடிவிட்டு 'பேசவே இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு இதே தரவைத் தொகுத்து, மாநில, தேசியச் சராசரியோடு ஒப்பிட்டுத் தருகிறது. வசதிதான். ஆனால் 'விவாதம்: 40' என்று அங்கே இருந்தால் பட்டியலைத் திறந்து பாருங்கள். பூஜ்ய நேரத்தில் (அவசர விஷயங்களை எழுப்பும் நேரம்) இரண்டு நிமிடம் பேசியதும், ஒரு மசோதாவின் மேல் விரிவாகப் பேசியதும் அங்கே தலா ஒன்று என்றே எண்ணப்படும்.

'பரிசீலனையில் உள்ளது' என்று அமைச்சர் பதில் கொடுத்துவிட்டார். அத்தோடு கதை முடிந்ததா?
*— வாசகர், நெய்வேலி*

கதை அங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலானோர் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் இது.

'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்', 'விசாரித்துத் தெரிவிக்கிறேன்' போன்ற சொற்களை அமைச்சர் அவையில் சொன்னால் அது 'உறுதிமொழி' ஆகக் கணக்கில் ஏறலாம். நாடாளுமன்ற விவகார அமைச்சகம் அந்த வாசகங்களைப் பதில்களிலிருந்து பொறுக்கி எடுத்து, உரிய அமைச்சகத்துக்கு அனுப்பும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி அவையில் அறிக்கை வைக்க வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். இதைப் பின்தொடரவே இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மக்களவையில் 15 பேர், மாநிலங்களவையில் 10 பேர்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கேள்வி எண், தேதி, அமைச்சகம், உறுதிமொழி வாசகம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதியிலிருந்து மூன்று மாதம் எண்ணுங்கள். பிறகு அந்தக் குழுவின் அறிக்கைகளில் நிலுவைப் பட்டியலைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் மூன்று வாய்ப்பு: அதை நிறைவேற்றி முடித்துவிட்டார்கள், அந்தப் பதிலை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளவே இல்லை, அல்லது அமைச்சகம் கேட்டுக்கொண்டு கைவிடச் செய்துவிட்டது. கைவிடும் கோரிக்கைகளைக் குழு சில நேரம் ஏற்கும், சில நேரம் மறுக்கும். அந்த அறிக்கைகளும் பொதுவில் இருக்கின்றன.

உங்கள் எம்.பி.க்குக் கடிதம் எழுதும்போது 'எங்கள் ஊருக்கு ஏதாவது செய்யுங்கள்' என்று எழுதாமல், 'இந்தத் தேதியில் நீங்கள் கேட்ட இந்த எண் கேள்விக்கு வந்த பதில் மூன்று மாதம் தாண்டியும் நிலுவையில் இருக்கிறது, அடுத்த தொடரில் மறுபடி கேட்பீர்களா?' என்று எழுதுங்கள். இப்படி ஒரு கடிதம் வந்தால் எந்த அலுவலக உதவியாளரும் அதைக் கட்டில் செருகி வைக்கத் தயங்குவார்.

எங்கள் தெருவில் வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது. எம்.பி.யிடம் மூன்று முறை மனு கொடுத்தும் பயனில்லை.
*— குடும்பத் தலைவி, வில்லியனூர்*

அம்மா, வாய்க்கால் கொம்யூன் பஞ்சாயத்தின் வேலை. மேலே போனால் பொதுப்பணித் துறை, எம்.எல்.ஏ.தான். ரயில், தேசிய நெடுஞ்சாலை, ஜிப்மர், யூனியன் பிரதேசத்துக்கு உள்துறை அமைச்சகம் வழியாக வரும் நிதி என்றால் எம்.பி.யைப் பிடியுங்கள்.

பேருந்து நிழற்குடையில் 'எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி' என்று பலகை இருக்கிறது. போட்டிருக்கும் தொகைக்கு அந்த நிழற்குடை தகுமா என்று சந்தேகம். எப்படிச் சரிபார்ப்பது?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்ருட்டி*

முதலில் பணம் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1993 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 2011-12 முதல் ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் (கொரோனா காலத்தில் நிறுத்தியிருந்தார்கள்). இந்தப் பணம் எம்.பி. கைக்கு வருவதே இல்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் அனுமதி ஆணை தருவார், செயலாக்க முகமை கட்டும். தமிழ்நாட்டில் கோப்புகள் பெரும்பாலும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். ஆகவே நிழற்குடை மோசமாக இருந்தால் எம்.பி.யைத் திட்டுவதற்கு முன், மதிப்பீடு போட்டவரும் அளவு எழுதியவரும் யார் என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் எம்.பி. முழுப் பொறுப்பு.

திட்டத்தின் இணையதளத்தில் தொகுதிவாரியாகப் பணிகள் இருக்கின்றன. அங்கே 'பரிந்துரைத்தது', 'அனுமதித்தது', 'முடிந்தது', 'செலவானது' என்று நான்கு வேறு தொகைகள். தேர்தல் நேரத்துத் துண்டறிக்கையில் வருவது பெரும்பாலும் முதல் தொகை, எதிர்த்தரப்புத் துண்டறிக்கையில் வருவது நான்காவது. நீங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வித்தியாசத்தைப் பாருங்கள். ஆண்டு ஒதுக்கீட்டில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. இதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் கூட்டிப் பாருங்கள். வழிபாட்டுத் தலத்துக்கும் தனியார் நிலத்துக்கும் இந்தப் பணம் போகக் கூடாது.

குறிப்பிட்ட ஒரு பணிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வழி. தமிழ்நாட்டில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கேட்க வேண்டியவை: எம்.பி.யின் பரிந்துரைக் கடித நகல், நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் (எம்-புக் என்பார்கள்) உரிய பக்கங்கள், பணி நிறைவுச் சான்று. அளவுப் புத்தகம் கிடைத்துவிட்டால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நிழற்குடைக்குப் போங்கள். நீளம், அகலம், தூண் எண்ணிக்கை, கூரைத் தகட்டின் அளவு எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

மனு தோற்பது எங்கே என்றால், 'ஏன் இவ்வளவு செலவு?' என்று கேட்கும்போது. சட்டம் கொடுப்பது பதிவேட்டில் இருக்கும் தகவலை, விளக்கத்தை அல்ல. 'ஏன்' என்று தொடங்கிய கேள்வியைத் தகவல் அலுவலர் நிம்மதியாகத் திருப்பி அனுப்பிவிடுவார். பணியின் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் இல்லாவிட்டாலும் 'குறிப்பாகத் தெரிவிக்கவும்' என்று வரும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் பயமில்லை, அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்தது அரைகுறையாக இருந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் இரண்டாவது. இங்கேதான் கடலூரும் புதுச்சேரியும் பிரிகின்றன: கடலூர்க்காரர் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும், புதுச்சேரிக்காரர் டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கு. மாற்றி அனுப்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

ஒரு மசோதாவுக்கு எங்கள் எம்.பி. ஆதரவா, எதிர்ப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*— வழக்கறிஞர், காரைக்கால்*

பல நேரம் தெரியாது. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் 'ஆம்' என்று கத்தினார் என்பது பதிவாகாது. யாராவது வற்புறுத்தி 'டிவிஷன்' எனப்படும் எண்ணி வாக்கெடுப்பு நடந்தால்தான் பெயர்கள் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் எண்ணியே தீர வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது. அதில் பெயர் பெயராகப் பார்க்கலாம்.

பார்த்தாலும் அது கட்சியின் வாக்கு. 1985-ல் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), கொறடா உத்தரவை மீறினால், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவி போகலாம். தனிமனிதராக அவர் என்ன நினைத்தார் என்பதை அறிய அவருடைய பேச்சையும், அவர் கொடுத்த திருத்தங்களையும் படிக்க வேண்டும். அமைச்சகங்களின் மசோதாக்களையும் செலவையும் ஆராயும் துறைவாரி நிலைக்குழு ஒன்றில் அவர் இருந்தால் இன்னும் நல்லது. இப்படி 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர். கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடந்தாலும், அறிக்கையின் கடைசியில் இணைத்திருக்கும் கூட்டக் குறிப்பில் அன்று யார் வந்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். மறுப்புக் குறிப்பு எழுதியிருந்தால் அதுவும் இருக்கும். கேமரா இல்லாத இடத்தில் வந்து உட்கார்ந்தவர் யார் என்று பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மாநிலங்களவை எம்.பி.யையும் இப்படிக் கணக்குக் கேட்கலாமா? அவருக்கு நாம் ஓட்டுப் போடவில்லையே.
*— வாசகர், முத்தியால்பேட்டை*

தாராளமாக. புதுச்சேரிக்கு மாநிலங்களவையில் இருப்பது ஒரே இடம். நீங்கள் தேர்ந்தெடுத்த 30 எம்.எல்.ஏ.க்கள்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேள்வி, வருகை எல்லாம் அதே தளத்தில் மாநிலங்களவைப் பகுதியில் இருக்கின்றன. அங்கே பூஜ்ய நேரம் காலை 11 மணிக்கு, கேள்வி நேரம் 12-க்கு; மக்களவையில் நேர்மாறு. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு உதவும்.

எம்.பி. தொகுதியில் இருக்கும்போது என்ன செய்கிறார் என்பதற்கு அளவுகோல் உண்டா? கல்யாணத்துக்கு வருகிறார், காதுகுத்துக்கு வருகிறார், அதைத் தவிர.
*— வாசகர், சிதம்பரம்*

'திஷா' கூட்டத்தைப் பாருங்கள். மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்பது முழுப்பெயர், 2016-ல் வந்தது. ஊரக வேலைவாய்ப்பு, வீட்டுவசதி, குடிநீர் போன்ற மத்தியத் திட்டங்களை மாவட்ட அளவில் ஆராயும் குழு. தலைவர் மக்களவை எம்.பி., செயலாளர் ஆட்சியர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதாவது ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும்.

உங்கள் தொகுதியில் ஒரு சிக்கல் உண்டு. சிதம்பரம் மக்களவைத் தொகுதி கடலூர், அரியலூர், பெரம்பலூர் என மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு குழு. ஒன்றுக்கு மேற்பட்ட எம்.பி.க்கள் உள்ள மாவட்டத்தில் மூத்தவர் தலைவர், மற்றவர் இணைத்தலைவர். எனவே 'எங்கள் எம்.பி. ஏன் கூட்டம் போடவில்லை?' என்பதற்கு முன் இந்த மாவட்டத்தில் தலைவர் யார் என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டிய தகவல் மூன்றே: கடந்த ஆண்டு கூட்டம் நடந்த தேதிகள், கலந்துகொண்டவர் பட்டியல், கூட்டக் குறிப்பும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையும். மூன்றாவது கிடைக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

வேலை செய்யாத எம்.பி.யைத் திரும்ப அழைக்க முடியுமா?
*— வாசகர், நெல்லிக்குப்பம்*

முடியாது, நம் சட்டத்தில் அது இல்லை. அனுமதியின்றி 60 நாள் வராமல் இருந்தால் அவை அவருடைய இடத்தைக் காலி என அறிவிக்கலாம். ஆனால் அவை முடித்து வைக்கப்பட்டிருக்கும் காலமும், தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட நாட்களும் அந்த 60-ல் சேராது. ஒரு தொடர் முழுக்க வராதவர்கூட அதை எட்டமாட்டார். குற்ற வழக்கில் இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை என்றால் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பதவி உடனே போகும். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 பேரை நாடாளுமன்றமே வெளியேற்றியது.

தனிநபர் மசோதா கொண்டுவருவது வெறும் விளம்பரம்தானே?
*— வாசகர், பாகூர்*

சட்டமாவது அரிது; இதுவரை 14 மட்டுமே, கடைசியாக 1970-ல். ஆனாலும் தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை, ஆனால் அதன்பின் அரசு தானே ஒரு மசோதாவோடு வரவேண்டியதாயிற்று. மசோதாவின் தலைப்பை விட்டுவிட்டு, கடைசியில் இருக்கும் நோக்கக் குறிப்பைப் படியுங்கள். உழைத்திருக்கிறாரா, நகலெடுத்திருக்கிறாரா என்று அங்கே தெரியும்.

நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து எங்கள் எம்.பி.யைத் தொடர்ந்து கவனிக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
*— நூலக வாசகர் வட்டம், கடலூர் முதுநகர்*

ஒரு நீளநோட்டு போதும். பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என ஆண்டுக்கு மூன்று தொடர்கள், தொடருக்கு இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் வருகை (எத்தனையில் எத்தனை என்று), பேசியவை, கேள்வி எண்கள். வலப்பக்கத்தில் தொகுதி தொடர்பான கேள்விகள் மட்டும், பதிலின் சாரம் இரண்டு வரியில், உறுதிமொழி இருந்தால் மூன்று மாதக் கெடு தேதி சிவப்பு மையில். ஆளுக்கு ஒரு அமைச்சகம் எடுத்துக்கொண்டால் வேலை குறையும்: ரயில் ஒருவருக்கு, நிலக்கரி ஒருவருக்கு, மீன்வளம் ஒருவருக்கு. ஆங்கிலப் பதிலைத் தமிழாக்க ஒருவர் கட்டாயம் தேவை.

தொடர் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். பேச்சுகள் முதலில் திருத்தப்படாத வடிவில் ஏறும், பிறகுதான் சீராகும். எழுதி முடித்த பக்கத்தின் நகலை எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பி, பிழை இருந்தால் 15 நாளில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதன் ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். பிறகு நூலகப் பலகையில் மாட்டலாம். எல்லாக் கட்சி எம்.பி.க்கும் இதே இரண்டு பக்கம், இதே சிவப்பு மை.